சிவப்புக் கம்பி, கருப்புக் கம்பி: ஆர்.சி. கார் சார்ஜிங் லீட் ஒன்று கருகிய நிகழ்வு

பின்னணி

சென்னைக்குத் தெற்கே, தாம்பரம் பக்கம் ஒரு மைதானத்தில் ஞாயிறு காலைகளில் ஆர்.சி. (ரிமோட்டில் இயங்கும்) கார் ஓட்டும் எட்டுப் பத்துப் பேரில் நானும் ஒருவன். பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பக்கி வகை கார்கள்தான் அதிகம். எங்களோடு ஓட்ட வரும் பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு அவன் அப்பா பழைய கார் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அவர் வீட்டு வயரிங் வேலை செய்பவர், இருபது வருட அனுபவம் உள்ளவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கைவேலை தெரியாதவர் செய்த தவறு என்று இதை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது.

காரோடு 2எஸ் லைப்போ பேட்டரி (இரண்டு செல்களைத் தொடராக இணைத்த லித்தியம் பாலிமர் பேட்டரி) ஒன்று வந்தது. 7.4 வோல்ட், 5000 எம்ஏஎச், கெட்டியான பிளாஸ்டிக் உறை. பெரிய கம்பிகளின் முனையில் மஞ்சள் நிற எக்ஸ்டி60 கனெக்டர். பக்கத்தில் மூன்று மெல்லிய கம்பிகள் கொண்ட வெள்ளை பேலன்ஸ் பிளக், ஒவ்வொரு செல்லையும் சார்ஜர் தனித்தனியாகப் பார்த்துச் சமன்படுத்துவதற்கு. ஒரு பேலன்ஸ் சார்ஜரும் கூடவே வந்தது. ஆனால் சார்ஜரிலிருந்து பேட்டரிக்குப் போக வேண்டிய இணைப்புக் கம்பி, அதாவது லீட், மட்டும் இல்லை. விற்றவர் எங்கோ தொலைத்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை பையனின் அப்பா எனக்கு போன் செய்தார். "தம்பி, கடையில போய் லீட் வாங்கணுமா, நானே பண்ணிக்கலாமா?"

"நீங்களே பண்ணலாம் அண்ணே. ஒரு பக்கம் சார்ஜர்ல செருக பனானா பிளக், இன்னொரு பக்கம் பேட்டரிக்கு எக்ஸ்டி60. சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ், அவ்வளவுதான்."

அந்த "அவ்வளவுதான்" என்ற சொல்லுக்கு இந்த நிகழ்வில் பங்கு உண்டு. கீழே வருகிறேன்.

லீட் தயாரான விதம்

ரிச்சி தெருவில் நான்கு மில்லிமீட்டர் பனானா பிளக் இரண்டும், எக்ஸ்டி60 ஒரு ஜோடியும் வாங்கினார். கம்பிக்கு வீட்டில் இருந்த 1.5 சதுர மில்லிமீட்டர் வயரையே எடுத்துக்கொண்டார், சிவப்பில் ஒரு முழம், கருப்பில் ஒரு முழம். ஐந்து ஆம்பியர் போகும் லீடுக்கு அந்தத் தடிமன் தாராளம். வீட்டு வயர் விறைப்பாக இருக்கும், பிளக்கைப் பிடித்து இழுக்கும், அது ஒன்றுதான் குறை.

பேட்டரியில் எந்தப் பக்கம் பிளஸ் என்று பார்க்க, அதன் கனெக்டரை முகம் தன்னைப் பார்த்திருக்கும்படி பிடித்தார். சிவப்புக் கம்பி இடப் பக்கம் இருந்தது. வாங்கி வந்த கனெக்டரையும் அதே மாதிரி, முகம் தன்னைப் பார்க்கும்படி பக்கத்தில் வைத்து, இடப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அப்புறம் திருப்பி, புள்ளி வைத்த பக்கத்தில் சிவப்பைப் பற்றவைத்தார்.

இங்கேதான் தலைகீழானது. இரண்டு கனெக்டர்கள் ஒன்றையொன்று பார்த்துச் சேருகின்றன, இரண்டு பேர் எதிரெதிரே நின்று கைகுலுக்குவது போல. எதிரே நிற்பவருக்கு நம் இடப் பக்கம் வலப் பக்கம். பேட்டரியின் முகத்தில் தெரியும் படத்தை, எதிர் கனெக்டரின் முதுகுப் பக்கத்தில், அதாவது ஈயம் வைக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் சரியாக வந்திருக்கும். அவர் முகத்தோடு முகத்தை ஒப்பிட்டார்.

எக்ஸ்டி60இல் இதைத் தவிர்க்க இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன. உறையின் ஒரு ஓரம் சதுரமாக இருக்கும், அது பிளஸ். மறு ஓரம் இரண்டு மூலையும் சீவிவிட்ட மாதிரி இருக்கும், அது மைனஸ். பிளாஸ்டிக்கிலேயே + என்றும் − என்றும் அச்சும் உண்டு. ஆனால் மஞ்சள் பிளாஸ்டிக்கில் மஞ்சள் அச்சு. ட்யூப் லைட் வெளிச்சத்தில் எனக்கே தெரியவில்லை. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது நிழல் விழுந்து, அப்போதுதான் எழுத்து எழுந்து வந்தது.

வேலை முடிந்ததும் அவர் சோதிக்காமல் இல்லை. மீட்டரை கன்டின்யூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் என்று கத்தும் நிலையில்) வைத்து, சிவப்பு பனானாவிலிருந்து சிவப்புக் கம்பி பற்றவைத்த கனெக்டர் பின்னுக்கும் (உலோக முனைக்கும்), கருப்பிலிருந்து கருப்புக்கும் தொட்டுப் பார்த்தார். "ரெண்டும் கத்துச்சு தம்பி, குறுக்கே வச்சா கத்தல. சரியாத்தான் இருந்துச்சு." அவர் சொன்னது முழு உண்மை. கம்பி அறுந்திருக்கிறதா, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா என்ற கேள்விக்கு அந்தச் சோதனை சரியான பதில். அந்தப் பின்னுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் குறிக்கும் கம்பியின் நிறத்துக்கும் பொருத்தம் உண்டா என்ற கேள்வியை யாருமே கேட்கவில்லை. வீட்டு வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலும் பல்பு எரியும், ஃபேன் சுற்றும். அது ஆபத்தான தவறுதான், ஆனால் அந்த நிமிடமே புகையாது. பேட்டரியின் டிசியில் (ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தில்) அந்த அவகாசம் கிடையாது.

சனிக்கிழமை மாலை

ஹாலில் ரெக்சின் போட்ட ஸ்டூல் ஒன்றின் மேல் சார்ஜரும் பேட்டரியும் இருந்தன. பக்கத்து நாற்காலியில் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி. பையன் திரையில் லைப்போ பேலன்ஸ், 2எஸ், 5.0 ஆம்பியர் என்று வைத்தான். பேலன்ஸ் பிளக் இல்லாமல் சார்ஜ் செய்யக் கூடாது என்று வீடியோக்களில் பார்த்திருந்ததால் அதை முதலில் செருகினான். பிறகு பனானா பிளக்குகள் சார்ஜரில் போயின. கடைசியாக அப்பா எக்ஸ்டி60ஐ அழுத்திச் சேர்த்தார்.

'பட்' என்று ஒரு சத்தம். பேலன்ஸ் பிளக்கின் கருப்புக் கம்பி நனைந்தது போல மினுங்கியது, பிறகு கொப்புளித்தது, பிறகு புகைந்தது. இது பையன் சொன்ன வரிசை. அப்பா ஒரு கையால் பேட்டரியைப் பிடித்து மறு கையால் இழுத்தார். எக்ஸ்டி60 புதிதில் இறுக்கமாக இருக்கும், கழற்ற மூன்று விநாடி ஆகியிருக்கும் என்றார்கள். கழன்றதும் கம்பியைப் பேட்டரியிலிருந்து விலக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டார். மறுநாள் பார்த்தேன், ஆள்காட்டி விரலில் கம்பியின் அகலத்துக்குச் சரியாக ஒரு கோடு கொப்புளமாக நின்றது.

போனில் எடுத்த முடிவுகள்

பையன்தான் கூப்பிட்டான். "அங்கிள், பேட்டரி புகையுது." வீடியோவுக்கு மாறச் சொன்னேன்.

முதலில் சுவரில் ஸ்விட்சை அணைக்கச் சொன்னேன். பெரிய கனெக்டர் ஏற்கெனவே கழன்றிருந்தது. பேலன்ஸ் பிளக் மட்டும் இன்னும் சார்ஜரில் இருந்தது. அதைப் பிடுங்கப் போனவனை நிறுத்தினேன். கருப்புக் கம்பியின் உறை உருகி, பக்கத்திலிருந்த நடுக்கம்பியோடு ஒட்டியிருந்தது. பிடுங்கும்போது உள்ளே இருக்கும் செம்பு இரண்டும் தொட்டால் ஒரு செல் முழுதாக ஷார்ட் ஆகும். ஆகவே சார்ஜரையும் பேட்டரியையும் சேர்த்தே, வீட்டில் மிச்சம் கிடந்த தரை டைல்ஸ் ஒன்றின் மேல் வைத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். எவர்சில்வர் தட்டு வேண்டாம் என்று சொன்ன காரணம், அறுந்த முனை உலோகத்தில் பட்டாலும் அதே கதைதான். சின்டெக்ஸ் தொட்டியும் துணிக்கொடியும் இல்லாத மூலை. பக்கத்தில் ஒரு வாளி மணல்.

தண்ணீர் ஊற்றலாமா என்று அம்மா கேட்டார். தீப் பிடிக்காத பேட்டரியில் தண்ணீர் ஊற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. திறந்திருக்கும் முனைகளில் ஈரம் சேர்வதுதான் மிச்சம். அடிபட்ட லைப்போ உடனே கொளுத்திக்கொள்ளாமல் சிறிது நேரம் கழித்தும் பிடிக்கலாம் என்பதால், தள்ளி நின்று பார்க்க வேண்டும், புகை வந்தால் அதைச் சுவாசிக்காமல் காற்று வரும் பக்கமாக நகர்ந்துகொள்ள வேண்டும், இந்த இரண்டை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஒன்பது மணிக்கு நான் போய்ச் சேர்ந்தேன். பேட்டரி வெளியே இளஞ்சூடாகக்கூட இல்லை. பேலன்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். ஒன்றை வெட்டி, முனையில் டேப் சுற்றி, அதன் பிறகே அடுத்தது. மூன்றையும் ஒரே கடியில் வெட்டினால் கட்டிங் பிளேயரின் வாயே ஷார்ட் ஆகிவிடும். மீட்டரில் மொத்தம் 7.46 வோல்ட். பெரிய கம்பியின் மைனஸிலிருந்து நடுக்கம்பிக்கு 3.72, நடுக்கம்பியிலிருந்து பிளஸுக்கு 3.74. எண்ணைப் பார்த்தால் ஆரோக்கியமான பேட்டரி.

மேசையில் பார்த்தது

ஞாயிறு மதியம் லீடையும் சார்ஜரையும் என் மேசையில் பிரித்தோம். இணைப்பின் மேல் சூட்டில் சுருக்கிப் போட்டிருந்த ஹீட் ஷ்ரிங்க் உறையை வெட்டிப் பார்த்தபோது ஈயம் பளபளவென்று, கிண்ணம் நிறைய, ஒரு பிசிறில்லாமல் இருந்தது. நான் செய்யும் இணைப்பைவிட நன்றாகவே இருந்தது. இடம்தான் மாறியிருந்தது.

தலைகீழாக மாட்டினால் தடுக்கும் பாதுகாப்பு சார்ஜரில் உண்டு, ஆனாலும் ஏன் கம்பி எரிந்தது என்பது அப்பாவின் கேள்வி. இந்த நிகழ்வின் மையம் இதுதான். சார்ஜரைத் திறந்ததும் விடை கண்ணில் பட்டது. பேலன்ஸ் சாக்கெட்டின் கருப்பு முனையிலிருந்து சர்க்யூட் போர்டில் போகும் செப்புத் தடம் நடுவில் ஆவியாகி, சுற்றிலும் கறுத்திருந்தது. அந்தத் தடம் போய்ச் சேரும் இடம் வெளியே இருக்கும் கருப்பு பனானா சாக்கெட். அதாவது பேலன்ஸின் மைனஸும் பெரிய லீடின் மைனஸும் உள்ளே ஒரே இடம். என்னிடமும் அதே மாடல் சார்ஜர் இருக்கிறது. அதில் இரண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன், கத்தியது.

இப்போது கணக்கு எளிது. பேலன்ஸ் பிளக் வழியாகப் பேட்டரியின் மைனஸ் ஏற்கெனவே அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தலைகீழ் லீட் வழியாகப் பேட்டரியின் பிளஸும் அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. நடுவில் எந்தப் பாதுகாப்பும் குறுக்கிடவில்லை. மெல்லிய கம்பி, தடம், பின்கள், செல்களின் உள்தடை எல்லாம் சேர்த்துத் தாராளமாக 50 மில்லிஓம் என்று வைத்தாலும் 150 ஆம்பியர். அந்தக் கருப்புக் கம்பி 22 கேஜ் (கேஜ் எண் கூடினால் கம்பி மெல்லியது). செல்களைச் சமன்படுத்த ஒரு ஆம்பியருக்கும் குறைவாகப் போவதற்காக வைத்தது. 40 ஆம்பியர் நின்று ஓடினாலே அதன் செம்பு உருகும்.

ஆனால் செம்பு முழுசாக இருந்தது. 150 ஆம்பியர் மூன்று விநாடி ஓடியிருந்தால் அது மிஞ்சியிருக்காது. ஆகவே அப்பா கனெக்டரை இழுத்துக் கழற்றும் முன்பே, அனேகமாக முதல் அரை விநாடிக்குள், சார்ஜருக்குள் தடம் அறுந்து மின்னோட்டம் நின்றுவிட்டது. அந்தச் செப்புத் தடம்தான் அன்று பியூஸாக வேலை செய்திருக்கிறது. அது கொஞ்சம் தடிமனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோது மேசையைச் சுற்றி யாரும் பேசவில்லை.

பேலன்ஸ் பிளக் இல்லாமல் பெரிய லீட் மட்டும் தலைகீழாக மாட்டியிருந்தால்? அடுத்த வாரம் என் சார்ஜரில், 5 ஆம்பியர் பியூஸ் வைத்து, பழைய நிக்கல் பேட்டரி ஒன்றை வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். பீப் பீப் என்று கத்தி, முனை மாறியிருக்கிறது என்று திரையில் காட்டி நின்றுவிட்டது. பியூஸ் போகவில்லை. பையன் பெரிய லீடை முதலில் மாட்டியிருந்தால் இந்தக் கதை ஒரு பீப்போடு முடிந்திருக்கும்.

பேட்டரியை என்ன செய்வது

இதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போகும் பேட்டரி. வோல்டேஜ் நன்றாக இருக்கிறது. புது பேலன்ஸ் பிளக் பற்றவைத்தால் போதும் என்பது அப்பாவின் கட்சி. எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் கருப்புக் கம்பி உள்ளே முதல் செல்லின் மைனஸ் பட்டையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அங்கே எவ்வளவு சூடு ஏறியது என்று வெளியிலிருந்து தெரியாது. கெட்டி உறை என்பதால் செல் உப்பினாலும் கண்ணில் படாது. ஆனால் அவர் பணம், அவர் பேட்டரி. வெறும் பயத்தைக் காட்டி அவரைத் தூக்கிப்போட வைப்பதும் சரியில்லை. இரண்டு நாள் மாடியிலேயே வைத்து அளப்போம், எண் சொல்வதைக் கேட்போம் என்று முடிவு செய்தோம்.

இருபத்துநான்கு மணி நேரம் கழித்து முதல் செல் 3.69, இரண்டாவது 3.74. நாற்பத்தெட்டில் 3.66, 3.74. ஒரு செல் மட்டும் சும்மா இருந்தே இறங்கிக்கொண்டிருந்தது. சனி மாலை சூட்டினால் வந்த பழுதா, பழைய பேட்டரியில் முன்பே இருந்த குறையா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எதுவானாலும் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதில் அவரும் சம்மதித்தார்.

மாடியிலேயே 12 வோல்ட், 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணைத்து, அது மங்கி அணையும் வரை விட்டுச் சார்ஜை இறக்கினோம். முனைகளில் டேப் சுற்றி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரம் உள்ள மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்தோம். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 வந்த பிறகு இதைக் குப்பைத் தொட்டியில் போட்டேன் என்று சொல்ல யாருக்கும் சாக்கு இல்லை.

சார்ஜரின் தடத்தை ஒரு கம்பியால் இணைத்துப் பார்த்தார் அப்பா. ஓடியது. ஆனால் மீட்டர் 3.90 காட்டிய செல்லுக்கு அது 4.05 காட்டியது. செல்லின் வோல்டேஜைத் தப்பாகப் படிக்கும் சார்ஜர், செல் நிரம்பும் 4.2 வோல்ட்டில் நிறுத்தும் என்று நம்ப முடியாது. ஒதுக்கிவிட்டோம்.

புது லீட்

அடுத்த லீடை அவரே செய்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இம்முறை 14 கேஜ் சிலிக்கான் வயர், துவண்டு கொடுக்கும், சூட்டுக்கு உருகாது. எதையும் பற்றவைக்கும் முன் டார்ச் வெளிச்சத்தில் + அச்சைக் கண்டுபிடித்து, சதுர ஓரத்தில் பையனின் அக்காவிடம் வாங்கிய சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. ஹீட் ஷ்ரிங்க் துண்டுகளை முதலிலேயே கம்பியில் கோத்தாயிற்று. இதை மறந்துவிட்டு, பற்றவைத்த பிறகு தலையில் கை வைக்காதவர் இந்தப் பொழுதுபோக்கில் குறைவு.

பற்றவைக்கும் போது எதிர் கனெக்டரை வெறுமனே செருகி வைத்துக்கொண்டோம். பின்கள் சூட்டில் பிளாஸ்டிக் இளகிச் சாய்ந்துவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். அவருடைய 25 வாட் அயர்ன் இந்தத் தடித்த பின்னுக்குத் திணறும், நீண்ட நேரம் அழுத்த வேண்டிவரும், அதற்குள் உறை உருகும். 60 வாட்டில் மூன்று நான்கு விநாடியில் ஈயம் கிண்ணத்துக்குள் சடக்கென்று இறங்கி, ஓரம் கண்ணாடி போல் பளிச்சிட்டது. அந்தக் கணத்தில் அயர்னை எடுத்துவிட வேண்டும்.

கருப்புக் கம்பியின் நடுவில் பைக் கடையில் கிடைக்கும் பிளேடு பியூஸ் ஹோல்டர் ஒன்று, அதில் சிவப்பு நிற 10 ஆம்பியர் பியூஸ். ஐந்து ஆம்பியர் சார்ஜுக்கு அது இடைஞ்சல் இல்லை. அன்று போல இந்தக் கருப்புக் கம்பி வழியாக 150 ஆம்பியர் பாய்ந்தால் மெல்லிய கம்பி புகையும் முன் பியூஸ் போய்விடும்.

சோதனையைப் பேட்டரி இல்லாமலே செய்தோம். மீட்டரின் ஒரு முனை சதுர ஓரத்துப் பின்னில், மறுமுனை சிவப்பு பனானாவில்: கத்த வேண்டும். சீவிய ஓரத்துப் பின்னிலிருந்து கருப்புக்கு: கத்த வேண்டும். சதுர ஓரத்திலிருந்து கருப்புக்கு: கத்தக் கூடாது. கம்பியின் நிறத்தைப் பார்க்கவே வேண்டாம். நிறம் நாம் வைத்தது, ஓரம் தொழிற்சாலை வைத்தது.

பிறகு நடந்ததும் மாற்றிக்கொண்டதும்

புது பேட்டரி வரும் வரை பையன் என் பழைய பேட்டரியில் ஓட்டினான். புது லீடில் முதல் சார்ஜ் ஒரு ஆம்பியரில், மாடிப்படித் தரையில், அப்பாவும் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து. வரிசை இப்போது மாறாது: பனானா சார்ஜரில், பிறகு பெரிய கனெக்டர், சார்ஜர் சத்தம் போடவில்லை என்று பார்த்து, கடைசியாகத்தான் பேலன்ஸ். கழற்றும்போது பேலன்ஸ் முதலில். ஹால் ஸ்டூலில் சார்ஜ் செய்வது நின்றுவிட்டது.

மைதானத்தில் எல்லோருடைய லீடுகளையும் ஒரு ஞாயிறு சோதித்தோம். ஒன்றில் கருப்புக் கம்பி பிளஸில் இருந்தது. செய்தவர் கையில் அன்று சிவப்பு தீர்ந்துபோயிருந்ததாம், "எனக்குத் தெரியுமே" என்றார். அவருக்குத் தெரியும், அவரிடம் லீட் இரவல் வாங்குபவருக்குத் தெரியாது. அன்றே மாற்றினோம்.

என் பங்குக்கு ஒன்று மாறியிருக்கிறது. போனில் யாராவது லீட் செய்வது பற்றிக் கேட்டால் நிறத்தைச் சொல்லி முடிப்பதில்லை. அந்த வியாழக்கிழமை நான் சொன்ன ஒற்றை வரியில் சதுர ஓரம் இல்லை, மாட்டும் வரிசை இல்லை. கேட்டவர் எலக்ட்ரீசியன் என்பதால் மிச்சம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். இப்போது கனெக்டரைத் திருப்பிப் பிடித்து டார்ச் போட்டு ஒரு படம் அனுப்பச் சொல்கிறேன், மீட்டர் கத்தும் வீடியோவும் கேட்கிறேன். ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகிறது.

புது லீடில் எனக்குத் தோன்றாத ஒன்றையும் அப்பா சேர்த்தார். பனானா பக்கம் கருப்புக் கம்பியைச் சிவப்பைவிட நான்கு சென்டிமீட்டர் குட்டையாக வெட்டினார். "கன்ட்யூட் பைப்புக்குள்ள ஜாயின்ட் போட்டா ரெண்டையும் ஒரே இடத்துல போட மாட்டோம் தம்பி. தள்ளித் தள்ளித்தான் போடுவோம். டேப் பிரிஞ்சாலும் ஒண்ணோட ஒண்ணு பாக்காது." யாராவது அவசரத்தில் பேட்டரியை முதலில் மாட்டிவிட்டால், தொங்கும் பனானா முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க இது உதவும். அதன் பிறகு எங்கள் குழுவில் செய்த லீடுகள் எல்லாவற்றிலும் கருப்பு நான்கு சென்டிமீட்டர் குட்டை.